பட்டினி வயலின் பதினான்காம் எண்

ஆராய்ச்சிப் பண்ணையில் அவருக்குப் பட்டினி என்று பெயர். ஆள் நல்ல பருமன். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் பெயரைக் கேட்டு, ஆளைப் பார்த்து, சிரிப்பை அடக்குவார்கள். அவரே முதலில் சிரித்துவிடுவார். பிறகு அவர்களை வடக்கு வேலிப் பக்கம் கூட்டிப்போய் வயலைக் காட்டுவார். பெயர் அந்த வயலிலிருந்து வந்தது.

ஓர் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவான வயல். பதினொரு வருடமாக அதற்கு ஒரு பிடி யூரியா போட்டதில்லை. கோதுமை விதைப்பார்கள், அறுப்பார்கள். அறுத்த கையோடு அடிக்கட்டைகளை வேரோடு பிடுங்கி வண்டியில் ஏற்றி வெளியே கொட்டிவிடுவார்கள். எதுவும் மட்கி மண்ணுக்குத் திரும்பிவிடக் கூடாது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அதே அளவில் இன்னொரு வயல். அதற்கு வேளாவேளைக்கு எல்லாம் உண்டு. இரண்டு வயலிலும் ஒரே இருபத்துநாலு ரகங்கள், ரகத்துக்கு மூன்று பாத்தி. தழைச்சத்துக் குறைந்த மண்ணில் எந்த ரகம் தாக்குப்பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும். ரகங்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். வயல்களுக்குக் கூலியாட்கள் பெயர் வைத்தார்கள்: தீனி வயல், பட்டினி வயல்.

ஒரு வயலைப் பட்டினி போடுவது சும்மா இருக்கிற வேலை என்று வெளியில் நினைப்பார்கள். அதற்கென்று தனி மண்வெட்டி, தனிக் களைக்கொத்து. தீனி வயலில் நடந்த ரப்பர் காலணியோடு யாரும் இதற்குள் வரக் கூடாது. பயறுவகைக் களைகள் காற்றிலிருந்து தழைச்சத்தை இழுத்து வேரில் சேர்த்துவிடும் என்பதால் அவற்றை இரண்டு இலை விடும்போதே பிடுங்க வேண்டும். நாய்கள் கம்பங்களைத் தேடி வரும். கம்பங்களில் பாத்தி எண் எழுதியிருக்கும். அவர் சட்டைப்பையில் எப்போதும் நாலைந்து கூழாங்கல் வைத்திருப்பார். நாய்களைவிட மனிதர்கள் மோசம். வேலியோரம் ஒரு தகரப் பலகையில் அவரே தன் கையால் எழுதி வைத்தார்: ‘இங்கே சிறுநீர் கழிக்காதீர்கள். ஆராய்ச்சி கெடும்.’ டிராக்டர் ஓட்டுகிறவர் அதைப் படித்துவிட்டு, ‘நம்ம கிட்டயும் உரம் இருக்குன்னு ஒருத்தராவது ஒத்துக்கிட்டாங்களே’ என்றார்.

இருபத்திரண்டு வயதில் வேலிக்குக் குழி தோண்ட வந்தவர் அவர். மூன்று நாள் வேலை என்று சொல்லித்தான் கூப்பிட்டார்கள். இப்போது ஐம்பத்தாறு. மனைவி பள்ளிச் சீருடை தைக்கிறாள். ஒரே பெண்ணுக்குக் கல்யாணமாகிவிட்டது. அவர் படித்தது எட்டாவதோடு சரி, ஆனால் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். விதை அறையில் இருக்கும் பழுப்புக் காகித உறைகள் அத்தனையிலும் அவர் எழுத்துதான்.

தங்கை குடும்பம் பஸ்ஸில் முக்கால் மணி நேரத் தொலைவில் விவசாயம் செய்தது. மேட்டு நிலம், வெளிறிய மண். உரம் வாங்க முடிந்த வருடம் பாதி போடுவார்கள், முடியாத வருடம் வானத்தைப் பார்ப்பார்கள். தங்கை கணவர் வாய்க்காரர். மைத்துனரைப் பார்த்தாலே அவருக்கு வாய் துறுதுறுக்கும்.

‘ஊரெல்லாம் பயிருக்குப் போடறதுக்குச் சம்பளம் தருவாங்க மச்சான். உங்களுக்குப் போடாம இருக்கறதுக்குத் தர்றாங்க.’

‘போடாம இருக்கறதுதான் கஷ்டம் மாப்ளே. கை அரிக்கும்.’

‘எனக்கு அரிக்கலையே. பதினஞ்சு வருஷமா என் வயல்ல உங்க ஆராய்ச்சிதான் நடக்குது. சம்பளம்தான் வரல. உங்க மேடத்துகிட்டச் சொல்லிப் பாருங்க.’

‘உங்க நாக்குக்குக் கொஞ்சம் பட்டினி போட்டா நல்லா இருக்கும்’ என்பாள் தங்கை.

மேடம் என்பது ஆராய்ச்சியை நடத்துகிற டாக்டர். நாற்பது வயதிருக்கும். வெயிலில் நின்று நின்று முகம் ஒரு நிறமும் கைக்கடிகாரத்துக்கு அடியில் ஒரு நிறமுமாக இருப்பவர். அதட்டிப் பேச மாட்டார். ஒரு தடவை சொன்னதை மறுதடவை சொல்லவும் மாட்டார். அவர் போட்ட விதிகளில் ஒன்று: பட்டினி வயலில் விளைந்த விதையைத்தான் அடுத்த பருவம் பட்டினி வயலில் விதைக்க வேண்டும். பட்டினி அதைத் தலைமேல் ஏற்றுக்கொண்டார். ஏன் என்று கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. இல்லாதவன் தன் விதையைத்தானே விதைப்பான், அதனால் இருக்கும் என்று தானாகவே ஒரு காரணம் வைத்துக்கொண்டார்.

முந்தின வருட அறுவடைக்குக் கொஞ்சம் முன்னால் குருவிக் கூட்டம் இறங்கியது. பதினான்காம் எண் மற்ற ரகங்களைவிட ஆறு நாள் முந்திப் பழுக்கும். குருவிகளுக்கு அது தெரிந்துவிட்டது. தகர டப்பாவைத் தட்டித் தட்டி அவருக்குத் தோள் விட்டுப்போனது. வாய்க்காலுக்கு அப்பால் தீனி வயலில் வலை விரித்திருந்தார்கள், இந்தப் பக்கம் விரிக்க வலை போதவில்லை. பதினான்காம் எண்ணில் மூன்று பாத்தியிலும் சேர்ந்து இரண்டு கைப்பிடி மணிதான் மிஞ்சியது. ‘பறவைச் சேதம்’ என்று வயல் புத்தகத்தில் எழுதினார். அந்த ரகத்தின் அந்த வருட விளைச்சலை டாக்டர் கணக்கில் எடுக்கவில்லை.

அதுவரை ஒன்றும் தப்பில்லை. அடுத்த விதைப்பு வந்தபோது டாக்டர் ஏதோ மாநாட்டுக்கு வெளியூர் போயிருந்தார். மழை பெய்து நிலம் சரியான ஈரத்தில் இருந்தது. இரண்டு நாள் விட்டால் காய்ந்துவிடும். பட்டினி விதை அறையில் உட்கார்ந்து உறைகளை நிரப்பினார். இருபத்துமூன்று ரகத்துக்கும் விதை இருந்தது. பதினான்குக்கு ஒரு பாத்திக்குக்கூடக் காணாது. எதிர் அலமாரியில் தீனி வயலில் விளைந்த பதினான்காம் எண் மூட்டையாக இருந்தது. இரண்டையும் கலக்கலாமா என்று யோசித்தார். கலப்பது தப்பு என்று பட்டது. அதனால் கைப்பிடி விதையை எடுத்துத் தனியே வைத்துவிட்டு, மூன்று உறைகளையும் தீனி வயல் விதையால் நிரப்பினார். ரகம் ஒன்றுதானே, எண் ஒன்றுதானே. உறையின்மேல் தெளிவாகப் பதினான்கு என்று எழுதினார். டாக்டர் திரும்பி வந்தபோது வயலில் முளை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ‘எல்லாம் நல்லபடியா?’ என்று கேட்டார். ‘ஈரம் தப்பறதுக்குள்ள முடிச்சுட்டோம் மேடம்’ என்றார் இவர். மறைக்கவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாக அது மனதில் நிற்கவே இல்லை.

அந்தப் பருவம் பதினான்கு எழுந்து நின்றது. சுற்றிலும் எல்லாம் வெளுத்துச் சோகை பிடித்துக் கிடக்க, மூன்று பாத்தியிலும் அது மட்டும் பச்சை. டாக்டர் தினமும் இரண்டு தடவை வந்து பார்த்தார். அவரவர் வேலையை விட்டுவிட்டுப் பக்கத்துப் பிரிவுக்காரர்கள் வந்தார்கள். பட்டினிக்குத் தலைகால் புரியவில்லை. பாத்திகளுக்கு நடுவே யாரோ வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தகப்பனார் போல நடந்தார். மணி எடையிலும் அது முதலில் வந்தது. தங்கை வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பதினான்கின் பேச்சுதான். ‘உரமே இல்லாம, மாப்ளே. ஒரு சொட்டு இல்லாம. இந்தக் கண்ணால பார்த்தேன்.’ தங்கை கணவர் முதல்முறையாகக் குறுக்கே பேசாமல் கேட்டார்.

அறுவடை முடிந்த மாதம் டாக்டர் சுற்றுவட்டார விவசாயிகள் முப்பது பேரைக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார். பதினான்கின் விதையை அவர்கள் வயலிலேயே விதைத்துப் பார்க்கத் தருவதாக ஏற்பாடு. பெயர் கொடுக்க வேண்டிய தாளில் முதல் பெயர் தங்கை கணவருடையது. முன்வரிசையில் தோளை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். பட்டினி கடைசி வரிசையில், டீ டம்ளர்களுக்குப் பக்கத்தில்.

டாக்டர் திரையில் படம் காட்டிப் பேசினார். ஒருவர் கேட்டார்: ‘இதுக்குன்னு தனி விதையா எடுத்துப் போட்டீங்களா? நல்ல விதை போட்டா எங்க வயல்லயும்தான் நல்லா வரும்.’

‘நல்ல கேள்வி’ என்றார் டாக்டர். ‘விதைக்குள்ள முதல் ரெண்டு மூணு வாரத்துக்கான சாப்பாடு இருக்கு. நல்லாத் தின்னு வளர்ந்த பயிரோட விதைன்னா அந்தச் சாப்பாடு ஜாஸ்தி. அதைக் கொண்டுவந்து பட்டினி வயல்ல போட்டா சும்மா கொழுகொழுன்னு கெளம்பும். வேர் ஆழமாப் போகும். மத்ததை முந்திக்கும். நாம ரகத்தோட சாமர்த்தியம்னு நெனச்சு ஏமாந்துடுவோம். அது தாயோட சாப்பாடு, பிள்ளையோட சாமர்த்தியம் இல்ல. அதனாலதான் இந்த வயல் விதையை மட்டுமே இந்த வயல்ல போடறோம். அதோ, பின்னாடி உக்கார்ந்திருக்காரே, நம்ம அண்ணன். பதினோரு வருஷமா இதுல ஒரு தப்பு வந்தது கிடையாது.’

முப்பது தலைகள் திரும்பின. பட்டினிக்கு அந்த மூன்று உறைகள் ஞாபகம் வந்தன. எழுந்து கும்பிடுவதா, உட்கார்ந்தே இருப்பதா என்று தெரியாமல் பாதி எழுந்து, டம்ளர் தட்டைத் தட்டிவிட்டார்.

பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது தங்கை கணவர் வாய் ஓயவில்லை. ‘மேட்டுத் துண்டு முழுக்கப் போட்டுடப் போறேன் மச்சான். பாதி பாதின்னு வேடிக்கை பார்க்கிற ஆளு நான் இல்ல. இந்த வருஷம் உரக்கடைப் பக்கமே போகப் போறதில்ல.’

‘கொஞ்சமாப் போட்டுப் பாருங்களேன்.’

‘என்ன மச்சான், நீங்கதானே ஆறு மாசமா என் காதுல ஊதினீங்க. இப்ப என்ன சுருதி குறையுது?’

‘பஸ் வருது, ஏறுங்க.’

அன்று சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைப் பார்த்தபடி இருந்தார். மனைவி நூல் கோத்துக்கொண்டே கேட்டாள்: ‘உடம்புக்கு என்ன?’

‘ஒண்ணுமில்ல. வேலைல ஒரு தப்பு பண்ணிட்டேன்.’

‘யாருக்காவது தெரியுமா?’

‘தெரியாது.’

‘உங்களுக்குத் தெரியுதே’ என்றவள், ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அவ்வளவுதான் பேச்சு.

காலையில் எல்லோருக்கும் முன்னால் போய் விதை அறையைத் திறந்தார். போன விதைப்பில் போட்டது போக மிஞ்சிய விதையை ரகவாரியாக எடுத்து வைப்பது வழக்கம். பதினான்கின் உறையைப் பிரித்து, எண்ணும் பலகையில் நூறு மணி எண்ணி வைத்தார். பக்கத்தில் பதின்மூன்று, பதினைந்து, இருபது. எடை போட வேண்டிய தேவையே இல்லை. மற்றவை வற்றிச் சுருங்கி இருந்தன. பதினான்கு வயிறு தெரிய உட்கார்ந்திருந்தது. அவர் பலகையை அப்படியே எடுத்துக்கொண்டு, மணிகள் உருளாமல் அடிமேல் அடி வைத்து டாக்டர் அறைக்குப் போனார்.

‘என்ன அண்ணே இது?’

அவர் சொன்னார். குருவியில் தொடங்கி உறையில் முடித்தார். முடிந்த பிறகு டாக்டர் கேட்டார்.

‘ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? ஃபோன் இருக்குல்ல?’

‘அப்போ அது சொல்ற விஷயமாத் தெரியல மேடம்.’

‘பதினோரு வருஷமா விதி போட்டு வெச்சிருக்கேன்.’

‘விதி தெரியும். எதுக்குன்னு நேத்துதான் தெரிஞ்சுது.’

டாக்டர் நாற்காலியைத் திருப்பி அலமாரியிலிருந்து ஒரு கோப்பை உருவினார். விதைப்புக்குப் பின் மிச்ச விதையில் எடுத்த ஆயிரம் மணி எடைகள் வரிசையாக இருந்தன. பதினான்குக்கு நேரே, அழித்த பென்சில் தடம். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஒரு கேள்விக்குறி தெரிந்தது.

‘நானே போட்டது’ என்றார். ‘இது மட்டும் ஏன் இவ்வளவு கனம்னு தோணிச்சு. வந்து உங்ககிட்டக் கேக்கணும்னு நெனச்சேன். அதுக்குள்ள வயல்ல பச்சையாத் தெரிய ஆரம்பிச்சுடுச்சு. அழிச்சுட்டேன்.’

இரண்டு பேரும் பலகையிலிருந்த மணிகளைப் பார்த்தார்கள். வெளியே யாரோ டிராக்டரைக் கிளப்ப முயன்று முயன்று, அது இருமிவிட்டு நின்றது.

‘இதே பதினாலு நெஜமாவே நல்ல ரகமாவும் இருக்கலாமில்ல மேடம்?’

‘இருக்கலாம். எவ்வளவு விதை, எவ்வளவு ரகம்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது. இன்னொரு தடவை போட்டாத்தான் தெரியும்.’

‘முப்பது பேரு?’

‘நான் சொல்லிக்கறேன்.’

‘ஒருத்தருக்கு நான் சொல்றேன்’ என்றார் பட்டினி.

ஞாயிற்றுக்கிழமை போனார். தங்கை கணவர் மேட்டுத் துண்டை இரண்டு தடவை உழுது போட்டிருந்தார். அதைப் பார்த்ததும் இவர் முதலில் மழையைப் பற்றிக் கேட்டார். ஒருவழியாகச் சொல்லி முடித்தார். தன் தப்பு என்பதையும் சொன்னார்.

‘அப்ப தர மாட்டாங்க?’

‘இந்த வருஷம் இல்ல.’

‘தப்பா இருந்தா என்ன மச்சான்? கொழுத்த விதையாத்தானே எங்களுக்கும் தரப் போறாங்க? முதல் வருஷம் நல்லா வரும்ல?’

‘வரும். அதை நம்பி நீங்க உரத்தை நிறுத்திடுவீங்க. அதுல வெளஞ்ச விதையை அடுத்த வருஷம் போடுவீங்க. அப்பத்தான் தெரியும்.’

தங்கை கணவர் உழவுச் சால் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு மண்கட்டியை எடுத்து நசுக்கினார். ‘நான் ஊர்ல பத்துப் பேர்கிட்டச் சொல்லிட்டேன். இனி என்னை என்ன சொல்வாங்க தெரியுமா? பட்டினி வீட்டு மாப்பிள்ளைன்னு.’

‘அது ஏற்கெனவே சொல்றாங்க’ என்றாள் தங்கை. யாரும் சிரிக்கவில்லை. பட்டினி டீ குடிக்காமல் கிளம்பிவிட்டார். நிறுத்தம் வரை தங்கை மட்டும் கூட வந்தாள். பஸ் வந்ததும், ‘கோவம் ஆறிடும். நீ வராம இருந்துடாதே அண்ணா’ என்றாள்.

அந்தப் பருவம் பட்டினி வயலில் இருபத்தைந்து எண்கள். பதினான்கு இரண்டாகப் பிரிந்தது: பட்டினி வயலில் போன அறுவடையில் விளைந்த விதை ஒன்று, தீனி வயல் விதை ஒன்று. உறைகளை நிரப்பும்போது டாக்டரும் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு ரகத்தையும் எங்கிருந்து எடுத்தோம் என்று இவர் வாய்விட்டுச் சொல்ல, அவர் எழுதினார். நடுநடுவே இவர் ஏன் என்று கேட்டார். ஏன் மூன்று பாத்தி, ஏன் ஒரே வரிசையில் போடாமல் மாற்றி மாற்றிப் போடுகிறோம், ஏன் ஓரத்து வரிசையை அறுக்காமல் விடுகிறோம். டாக்டரால் சில கேள்விகளுக்குக் கொஞ்சம் யோசித்தே பதில் சொல்ல முடிந்தது. உறை நிரப்ப ஒரு நாள் ஆகும். அந்தத் தடவை இரண்டு நாள் ஆனது.

மூன்றாவது வாரமே தெரிந்துவிட்டது. தீனி விதையிலிருந்து வந்த பதினான்கு, போன வருடம் போலவே கரும்பச்சையாக நின்றது. பட்டினி விதையிலிருந்து வந்த பதினான்கை எண்ணைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. சுற்றியிருந்தவற்றைப் போலவே வெளிறி, நுனி மஞ்சளாகி, தூர் கட்டலாமா வேண்டாமா என்று தயங்கியது. அவர் அந்தப் பாத்திக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். சொல்லாமல் இருந்திருந்தால் இந்நேரம் முப்பது வயல்களில் அந்தக் கரும்பச்சை நின்றிருக்கும். முப்பது பேர் தன்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள். அடுத்த வருடம் என்ன ஆகியிருக்கும் என்பதும் அந்தப் பாத்தியிலேயே தெரிந்தது. நிம்மதியா வருத்தமா என்று பிரித்துப் பார்க்க அவருக்கு வரவில்லை. கீழே ஒரு பயறுக்களை இரண்டு இலை விட்டிருந்தது. பிடுங்கினார்.

அறுவடையில் தீனி விதைப் பதினான்கு இரண்டாவதாக வந்தது. பட்டினி விதைப் பதினான்கு ஒன்பதாவது. முதலில் வந்தது யாரும் திரும்பிப் பார்க்காத இருபத்திரண்டு. பருவம் முழுக்க எல்லாவற்றையும்விட மஞ்சளாக இருந்த ரகம். கதிர் விட்ட பிறகு இலையிலிருந்த தழைச்சத்தையெல்லாம் மணிக்கு அனுப்பிவிட்டு இலையைக் காயவிட்டுவிட்டது என்றார் டாக்டர். ‘பச்சையா இருக்கறதைத்தான் நாம பார்த்துக்கிட்டே இருந்தோம்.’

‘அப்ப இது நல்ல ரகமா?’

‘ஒரு வருஷம்தானே பார்த்திருக்கோம் அண்ணே. ஈரம் நல்லா இருந்த வருஷம்.’

‘இன்னும் ரெண்டு வருஷம்?’

‘ரெண்டோ மூணோ.’

மூன்று என்றால் பட்டினி ஓய்வு பெற்ற பிறகு. அவர் தலையாட்டினார். தராசைத் துடைத்து மூடினார்.

பத்து நாள் கழித்துத் தங்கைக்கு ஃபோன் செய்தார். எடுத்தது தங்கை கணவர். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

‘பதினாலு ஒன்பதாவதாப் போச்சு மாப்ளே.’

‘கேள்விப்பட்டேன். உங்க மேடம் எங்க எல்லாருக்கும் காயிதம் போட்டிருந்தாங்க.’

‘வேற ஒண்ணு வந்திருக்கு. ஆனா இப்பத் தர மாட்டாங்க.’

‘அதைக் கேக்கல. மச்சான், நான் போடற கோதுமை இருக்கே, எங்கப்பா காலத்துலேர்ந்து போடறது. அதையே ஒரு மூலைல உரமே இல்லாம, ஒரு மூலைல உரம் போட்டு, தனித்தனியா விதை எடுத்துப் பார்த்தா என்ன? என் வயலு எவ்வளவு தாங்குதுன்னு எனக்கே தெரியணுமில்ல?’

பட்டினி எழுந்து நின்றுவிட்டார். ‘மேட்டு மூலையா இருக்கணும். உரம் போட்ட தண்ணி இறங்கி வராத பக்கம்.’

‘சரி.’

‘ஒரு மூலை பத்தாது. மூணு இடத்துல விடணும்.’

‘மூணா? எனக்கு இருக்கறதே நாலு மூலைதான் மச்சான்.’

‘சின்னச் சின்னதா விடுங்க. மூணு இடத்துலயும் ஒரே மாதிரி வந்தாத்தான் நம்பலாம். ஒண்ணுல மட்டும் நல்லா வந்தா அது மண்ணா இருக்கலாம், பக்கத்துல எருக்குழி இருந்ததாக்கூட இருக்கலாம்.’

‘மாடு கட்டின இடம் ஆகாதா?’

‘ஆகவே ஆகாது. எந்த விதையை எங்கேர்ந்து எடுத்தீங்கன்னு அன்னன்னைக்கே எழுதிடுங்க. வீட்ல நோட்டு இருக்கா?’

‘காலண்டருக்குப் பின்னாடி எழுதிக்கறேன்.’

‘காலண்டர் வேண்டாம், வருஷம் முடிஞ்சா தங்கச்சி கிழிச்சுப் போட்டுடும். ஞாயித்துக்கிழமை நோட்டு வாங்கிட்டு வர்றேன்’ என்றார் பட்டினி. ‘இந்தத் தடவை டீ போட்டு வைக்கச் சொல்லுங்க.’